சாயமும் சுவையும்: தேயிலை பற்றிச் சில குறிப்புகள்

1

சென்ற கோடையில் நண்பர்கள் சிலர் ஒரு வீட்டில் கூடி இரண்டு நாட்கள் பேசிக்கொண்டிருந்தோம். வழமைபோல அரசியல், இலக்கியம், பழைய இயக்கக் காலத்துக் கணக்கு வழக்குகள். இரண்டாம் நாள் காலை தேநீர் போடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த இலைத்தேயிலையை ரீபொட்டில் ஊறவைத்து, வடித்து, பாலும் சீனியும் இல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். ஒருவர் கோப்பையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, சாயமே இல்லை, பேணி கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றார். இன்னொருவர், என் நீண்டகாலத் தோழர், சிரித்தபடி சொன்னார்: "பகல் முழுக்க ஃபக்ரறியிலை நிக்கிற மனிசன், குடிக்கிறது மட்டும் துரைமாற்றை தேத்தண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் திரும்பி வரும் ரயிலில் அந்தப் பகிடி என்னை விடவில்லை. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தேநீரின் தரத்தை நாங்கள் ஏன் சாயத்தை வைத்தே அளக்கிறோம்? நல்ல தேநீர் துரைமாருக்குரியது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது யார்? இக்கட்டுரை அந்தத் தோழருக்கான பதில். தேயிலை எப்படி உருவாகிறது, எப்படித் தரம் பிரிக்கப்படுகிறது, எப்படிப் போடப்பட வேண்டும் என்பவற்றையும் இடையிடையே சொல்கிறேன். அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தை நடத்த முடியாது என்பது என் அபிப்பிராயம்.

2

நான் பன்னிரண்டு வருடங்கள் புவியியல் விரிவுரையாளனாக இருந்தவன். இலங்கையின் பொருளாதாரப் புவியியலில் தேயிலை தவிர்க்க முடியாத பாடம். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டதில் தொடங்கி, 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தது வரை சொல்லி, பிறகு கரும்பலகையில் மத்திய மலைநாட்டின் குறுக்குவெட்டு முகத்தை வரைவேன். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, ஈரமிழந்த வரண்ட காற்றாகக் கிழக்கே ஊவாப் பக்கம் இறங்குகிறது. கச்சான் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். யூலை முதல் செப்ரெம்பர் வரை இக்காற்றில் செடியின் வளர்ச்சி மெதுவாகிறது. கொழுந்தில் மணமும் செறிவும் கூடுகின்றன. இது ஊவாவின் தரப்பருவம். மேற்குச் சரிவில் உள்ள திம்புளவுக்கு வரண்ட காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதன் தரப்பருவமும் அதுவே.

இதைப் பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன்: "ஊவாத் தேயிலையின் தரத்தில் காலநிலையின் செல்வாக்கை விளக்குக." சரியான விடை எனக்குத் தெரியும். ஊவாத் தேயிலை வாயில் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது. மாணவர் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் குடித்தது தூள். கேத்தலில் தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு அவித்து, துணி வடியில் வடித்தெடுப்பது. விருந்தாளி வந்தால் பால். மற்றப்படி வெறுந்தேத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, சீனி இல்லாவிட்டால் பனங்கட்டித் துண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரே தூளை இரண்டு தரம் அவித்துக் குடித்திருக்கிறோம். நல்ல தேத்தண்ணிக்கு எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: சாயம் பிடித்திருக்கிறதா?

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறை மீது இருக்கிறது. எங்கள் கிணற்று நீர் வன்னீர். வன்னீரில் உள்ள கல்சியம் தேயிலையின் பொலிபீனோல்களோடு சேர்ந்து மேலே ஆடை கட்டும், நிறத்தைக் கருமையாக்கும், மெல்லிய மணங்களை மழுக்கிவிடும். அந்த நீரில் மலையுச்சித் தேயிலையைப் போட்டாலும் அதன் அருமை பாதிதான் தெரியவரும். ஆகவே கடுமையான தூள், நிறையச் சீனி, முடிந்தால் பால் என்பது அந்த நீருக்கும் எங்கள் கையிலிருந்த காசுக்கும் பொருந்திய தெரிவு. அம்மாவின் தேத்தண்ணியை நான் குறைசொல்ல வரவில்லை. அந்தத் தெரிவுக்கு வெளியே வேறொன்று இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

3

2007இல் ஜேர்மனிக்கு வந்தேன். என் பட்டங்கள் இன்றும் ஒரு கோப்புக்குள் பத்திரமாக இருக்கின்றன. எனக்குக் கிடைத்தது வடமேற்கு மூலையில், ஒஸ்ற்ஃபிரீஸ்லாந்துப் பகுதியில், பிளாஸ்ரிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மூன்று முறை மாற்று வேலை: ஒரு வாரம் காலை, ஒரு வாரம் பின்னேரம், ஒரு வாரம் இரவு.

வந்த புதிதில் எனக்குப் புரியாத விடயம் ஒன்று இருந்தது. ஜேர்மனியர் கோப்பி குடிக்கும் மக்கள். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் இடைவேளை வந்ததும் அரைவாசிப் பேர் தேநீர்ப் போத்தலைத் திறந்தார்கள். விசாரித்தபோது அறிந்தேன்: இந்தச் சிறு பிரதேசத்தவர் ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 300 லீற்றர் தேநீர் குடிக்கிறார்கள். உலகிலேயே தலைக்கு அதிகமாகத் தேநீர் குடிப்பவர்களுள் இவர்களும் அடக்கம். 2016இல் இவர்களுடைய தேநீர் வழக்கம் ஜேர்மனியின் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்த வழக்கம் அரண்மனையிலிருந்து வந்ததல்ல. ஒல்லாந்த வணிகத்தின் வழியாகத் தேயிலை இங்கே வந்தது. இது சதுப்பு நிலம், கடற்கரை. மீனவரும் சிறுவிவசாயிகளும் சதுப்புக்கரி வெட்டும் கூலிகளும் வாழ்ந்த ஏழைப் பிரதேசம். குளிருக்கும் கெட்ட நீருக்கும் கொதிக்கவைத்த தேநீர் மருந்தாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய மன்னன் இரண்டாம் ஃபிரெடெரிக், காசு வெளிநாட்டுக்குப் போகிறதென்று இவர்களுடைய தேநீர்ப் பழக்கத்தை ஒழிக்க முயன்றான். தோற்றுப்போனான். தோழர் துரைமாருக்கு எழுதிக்கொடுத்துவிட்ட ரசனையை இங்கே கரி வெட்டியவர்கள் மன்னனை எதிர்த்துக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

என்னோடு ஒரே இயந்திர வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி, ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த நிலையில், ஒரு ஞாயிறு பின்னேரம் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். மெல்லிய பீங்கான் கோப்பையில் முதலில் ஒரு பெரிய கற்கண்டுத் துண்டு. அதன்மேல் சூடான தேநீர் ஊற்றப்பட்டபோது கற்கண்டு சடசடவென்று வெடித்தது. பிறகு சிறு கரண்டியால் கோப்பை ஓரமாகக் கொஞ்சம் பாலாடை. அது கீழே போய் முகில்போல மேலெழுந்தது. நான் பழக்கதோஷத்தில் கரண்டியை எடுத்துக் கலக்கினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கரண்டியை வைத்துவிட்டேன். இங்கே கலக்குவதில்லை. முதல் மிடறில் பாலாடையின் மென்மை, நடுவில் தேநீரின் உண்மையான கைப்பு, அடியில் இனிப்பு: மூன்றையும் தனித்தனியே அறிய வேண்டும். மூன்று கோப்பைகள் குடிப்பது முறை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும்.

மூன்றாவது கோப்பையில் அவர் கேட்டார்: "நீங்கள் இலங்கைக்காரர். இதெல்லாம் உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்குமே. அங்கே நல்ல தேயிலையை எப்படிப் போடுவீர்கள்?"

எனக்குப் பதில் இல்லை. குறுக்குவெட்டு முகத்தை வரைந்து காட்டியிருக்கலாம்.

4

அன்றிலிருந்து படிக்கத் தொடங்கினேன். முதலில் கற்றது, நான் கற்பித்தவற்றில் எத்தனை வெறும் சொற்கள் என்பதை.

பச்சை, கறுப்பு, ஊலோங், வெள்ளைத் தேயிலைகள் வெவ்வேறு செடிகள் அல்ல. எல்லாம் ஒரே இனத் தாவரம். சீனச் சிறு இலை வகை, அஸாம் பெரு இலை வகை என்ற இரண்டும் அவற்றின் கலப்புகளுமே உலகெங்கும் உள்ளன. வேறுபாடு பறித்தபின் நடப்பதில் இருக்கிறது. கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை முதலில் பல மணிநேரம் வாட்டுவார்கள். ஈரம் குறைந்து இலை துவளும். பிறகு உருட்டுவார்கள், இலையின் கலங்கள் உடைந்து சாறு வெளிவரும். அப்போது இலையிலுள்ள நொதியங்கள் காற்றின் ஒட்சிசனுடன் சேர்ந்து பொலிபீனோல்களை மாற்றுகின்றன. பாடநூல்கள் இதை நொதித்தல் என்கின்றன. நானும் அப்படியே கற்பித்தேன். உண்மையில் இது ஒட்சியேற்றம். வெட்டிய அப்பிள் பழம் நிறம் மாறுவதும் இதுவே. இதில் உருவாகும் தியாஃபிளேவின்கள் தேநீருக்குத் தங்க ஒளியையும் உறைப்பையும் தருகின்றன. தியாறூபிஜின்கள் செம்மண் நிறத்தையும் கனத்தையும் தருகின்றன. சரியான கணத்தில் உலரவைத்து இதை நிறுத்த வேண்டும். பச்சைத் தேயிலையில் தொடக்கத்திலேயே வெப்பம் கொடுத்து நொதியங்களைச் செயலிழக்கச் செய்துவிடுவார்கள். ஊலோங் இரண்டுக்கும் இடைநடுவில் நிறுத்தப்படுவது.

உலர்ந்த இலையைச் சலித்து அளவுவாரியாகப் பிரிப்பதே தரம் பிரித்தல். இங்கே பெரும் மயக்கம் உண்டு. ஓ.பி. என்பது முழு இலை, பி.ஓ.பி. உடைந்த இலை, பி.ஓ.பி.எஃப். அதிலும் சிறு துகள், கடைசியில் டஸ்ற். இவை அடிப்படையில் அளவின் பெயர்கள், சுவையின் பெயர்கள் அல்ல. 'பீக்கோ' என்ற சொல் இளங்கொழுந்தின் வெள்ளைப் பூமயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. 'ஒறேஞ்ச் பீக்கோ'வில் தோடம்பழம் கிடையாது. டஸ்ற் என்பதும் கூட்டிப் பெருக்கிய தூசி அல்ல. நல்ல தோட்டத்து டஸ்ற் மோசமான தோட்டத்து முழு இலையைவிட மேலானதாக இருக்கலாம்.

பிறகு ஏன் இலைத்தேயிலை? துகள் சிறிதாக ஆக, நீர் படும் பரப்பு கூடுகிறது. சாயம் உடனே இறங்கும். கைப்பும் உடனே இறங்கும். மணம் நாட்பட நிற்காது. பெரிய இலை மெதுவாக விரிகிறது. அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவருவதை நாக்கு பின்தொடர முடிகிறது. 1930களில் அஸாமில் வந்த சி.ரி.சி. இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி மணிகளாக்கியது. விரைவான, கடும் சாயமுள்ள, பாலுக்கு ஏற்ற தேநீர் அது. ரீபாக்கின் காலத்துக்கு அதுவே பொருந்தியது. இலங்கையில் இன்றும் பெரும்பகுதி பழைய உருட்டல் முறைதான். ஆனால் பெட்டியில் அடைத்து விற்கப்படும் தேயிலை பெரும்பாலும் பல தோட்டங்களின், பல பருவங்களின் கலவை. ஆண்டு முழுவதும் ஒரே சுவை இருக்கவேண்டும் என்பதற்காகவே கலக்கிறார்கள். அதாவது இடத்தையும் காலத்தையும் அழிப்பதே கலவையின் நோக்கம். நான் உண்ட ஒஸ்ற்ஃபிரீஸ்லாந்து வீட்டுத் தேநீரும் கலவைதான். அஸாம் அதில் முக்கால்வாசி இருக்கும். கலப்பதும் ஒரு கலை. ஆனால் கலக்காத தேயிலையில்தான் ஒரு மலையையும் ஒரு மாதத்தையும் குடிக்க முடியும்.

5

ஹம்பேர்க் நகரத்துத் தேயிலைக் கடை ஒன்றில் வரிசையாகத் தகரங்கள். ஒன்றில் ஊவா என்று எழுதியிருந்தது. பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரும், ஓகஸ்ற் பறிப்பு என்ற குறிப்பும். கடைக்காரப் பெண் மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். நூறு கிராம் ஏழு யூரோ. வாங்கினேன்.

அன்றிரவு சமையலறையில் தனியே இருந்து போட்டேன். இதை எப்படிப் போடுவதென்று கேட்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இருநூறு மில்லிலீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ இரண்டரைக் கிராம். நீர் மென்னீராக இருந்தால் நல்லது. உங்கள் நகரத்துக் கேத்தலில் வெள்ளைப் படிவு கட்டுமானால் வடிகட்டிய நீரைப் பாவியுங்கள். ரீபொட்டை முதலில் சுடுநீரால் கழுவிச் சூடாக்குங்கள். கறுப்புத் தேயிலைக்குக் கொதித்தவுடன் நீர் ஊற்ற வேண்டும்; பச்சைத் தேயிலைக்கு எழுபது, எண்பது பாகைக்கு ஆறவிட வேண்டும், இல்லையேல் கைக்கும். இலை விரிய இடம் வேண்டும். சிறிய உருண்டை வடிகளுக்குள் அடைக்காதீர்கள். மூன்று அல்லது நான்கு நிமிடம். பிறகு இலையை முழுமையாகப் பிரித்தெடுத்துவிட வேண்டும். அவிக்கக் கூடாது. முதல் தடவையாவது பால் விடாதீர்கள். பாலின் புரதம் துவர்ப்பைக் கட்டிப்போட்டுவிடும், அதோடு சேர்ந்து வேறு பலவும் மறைந்துவிடும்.

கோப்பையில் நிறம் செம்பொன். மணம் முதலில் பூ மாதிரி இருந்தது. பிறகு தொண்டைக்குள் ஒரு குளிர்ச்சி. எங்கோ அறிந்த வாசம். யோசித்துப் பார்த்தேன். நாங்கள் முழங்காலுக்குப் பூசும் நோவெண்ணெயின் தூரத்து உறவு அது. பின்னர் படித்தபோது காரணம் தெரிந்தது: நோவெண்ணெய்களில் சேர்க்கப்படும் மெதைல் சலிசிலேற் என்ற பொருளே ஊவாப் பருவத் தேயிலையின் அடையாள மணத்தில் இயற்கையாக இருக்கிறது. வரண்ட காற்றின் நெருக்கடியில் செடி உண்டாக்கிக்கொள்ளும் மணம்.

நான் பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்த காற்று அது. ஐம்பது வயதுக்குப் பிறகு, எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், அதை முதல் தடவையாக வாய்க்குள் உணர்ந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. அதே நேரம் வெட்கமாகவும் இருந்தது.

இலங்கை தன் தேயிலையில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. கொழும்பில் 1883இலிருந்து ஏலம் நடக்கிறது. எந்தத் தோட்டத்து எந்த வாரத்துப் பறிப்பு என்ன சுவை என்று பிரித்தறியும் அறிவு அந்த நாட்டில் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. ஆனால் அது ஏல மண்டபத்துக்கும் வாங்குவோருக்கும் உரிய அறிவாக இருந்தது. பறித்தவர்களுக்கும் அது போய்ச் சேரவில்லை, பாடம் நடத்திய எனக்கும் வந்து சேரவில்லை. காலனித்துவப் பொருளாதாரம் எங்களிடமிருந்து எடுத்துப் போனது இலையை மட்டுமல்ல, அந்த இலையைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமையையும்தான். எங்களுக்கு எஞ்சியது சாயம்.

6

இங்கே நிறுத்தினால் கட்டுரை எங்களுக்கு வசதியாக முடிந்துவிடும்: வெள்ளைக்காரன் ஏமாற்றினான், நாங்கள் ஏமாந்தோம். ஆனால் 'எங்களிடமிருந்து' என்று எழுதும்போது என் கை தயங்குகிறது.

என் வேலை எண்ணிக்கையும் மணிக்கூடும் உள்ள வேலை. இயந்திரத்தின் மேலே ஒரு திரை. இந்த மணித்தியாலத்தில் எத்தனை துண்டு, இலக்குக்கு எத்தனை குறைவு என்று சிவப்பில் காட்டும். ஆகவே தேயிலைப் பையைப் பார்த்தாலும் எனக்குக் கணக்குத்தான் வருகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பறிக்க வேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். நாளுக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது நான்கு கிலோ தேயிலை. கோப்பைக்கு இரண்டரைக் கிராம் என்றால் 1600 கோப்பை. எட்டு மணிநேர வேலையில் நான் வாங்கிய நூறு கிராம் பை ஒரு பெண்ணின் பன்னிரண்டு நிமிடம்.

அளவுக்குக் குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம். மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கும் கிலோக்கள் வேறு. நாளுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கைக்காக ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021 மார்ச்சில்தான் அது சம்பளச் சபை மூலம் விதிக்கப்பட்டது. அன்றைய மாற்று விகிதத்தில் நான்கு யூரோவுக்குச் சற்று மேல். பின்னர் தொகை உயர்த்தப்பட்டது; இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. நான் நூறு கிராமுக்குக் கொடுத்த ஏழு யூரோ, நான்கு கிலோவுக்கான கொழுந்தைப் பறித்தவளின் அந்த நாட்கூலியைவிட அதிகம். பையில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, மாதம் இருக்கிறது, தரம் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நிமிடம் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

அஸாமிலும் கதை வேறல்ல. அங்கே சோட்டாநாக்பூர் ஆதிவாசிகளை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். இலங்கைக்கு எங்கள் மொழி பேசியவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் சுமார் ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று ஆட்களைப் பங்கிட்டது. கடைசியாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இதை நாங்கள் அறிவோம். 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்ததில் இந்தப் பிரச்சினைக்கும் பங்குண்டு என்று மேடைகளில் சொல்லியும் இருக்கிறோம். மேடைக்கு வெளியே என்ன செய்தோம்?

1974, 75 அளவில், தோட்டங்களில் பட்டினி நிலவிய காலத்தில், எங்கள் வீட்டுக்கு ஒரு சிறுமியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஹற்றன் பக்கம் என்று சொன்னார்கள். அவளுக்குப் பத்து அல்லது பதினொரு வயது இருக்கும். என்னைவிடச் சில வயது மூத்தவள். மேலே நான் எழுதிய கேத்தல், துணி வடி எல்லாம் பெரும்பாலும் அவள் கையில்தான் இருந்தன. எங்களுக்குக் கோப்பை, அவளுக்குக் கிணற்றடியில் தனியாக ஒரு பேணி. ஒருநாள் கடையால் வந்த தூளை உள்ளங்கையில் கொட்டி மணந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "இது கடைசியா சலிச்சு விழுற தூளுங்கம்மா. நல்ல எலையெல்லாம் ஸ்டோர்லருந்து பொட்டியில கப்பலுக்குப் போயிரும்." ஸ்டோர் என்று அவள் சொன்னது தேயிலைத் தொழிற்சாலையை. அம்மா, "உனக்கு நிறையத் தெரியும், போய் வேலையைப் பார்" என்றார்.

அந்த வீட்டில் தேயிலை பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளுக்குத் தெரிந்ததை நான் அறிய நாற்பது வருடம் சென்றது. அதற்கு ஒரு ஜேர்மன் மூதாட்டியும் ஒரு ஹம்பேர்க் கடையும் தேவைப்பட்டன. வீட்டில் வேறொருவருக்கும் அதே பெயர் இருந்ததால் அவளுடைய பெயரை மாற்றிக் கூப்பிட்டோம். உண்மைப் பெயர் எனக்கு நினைவில்லை. விரிவுரை மண்டபத்தில் மலையகத் தொழிலாளர் என்ற தலைப்பில் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களிலும் ஒருதரமும் அவளை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

7

தோழர், உங்கள் பகிடிக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

இலைத்தேயிலை பூர்ஷுவா ரசனை என்றால், கோப்பை ஒன்றுக்கு விலை இருபது சதத்துக்கும் குறைவு. எங்கள் தொழிற்சாலை இயந்திரத்தில் ஒரு கோப்பிக்கு அதைவிடப் பல மடங்கு போடுகிறோம். சிகரெற் கணக்கை நான் எடுக்கவில்லை. நல்ல ஊலோங்கை நான்கைந்து தடவை ஊறவைக்கலாம். பணத்தைவிட இதற்கு வேண்டியது நான்கு நிமிடப் பொறுமைதான். இரவு வேலை முடித்துக் காலை ஆறரைக்கு வீடு வந்து, படுக்கப் போகுமுன் அந்த நான்கு நிமிடத்தை எனக்காக எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளில் இயந்திரத்தின் எண்ணிக்கைக்கு உட்படாத நிமிடங்கள் அவை. தொழிலாளிக்குச் சாயம் போதும், சுவை எதற்கு என்று கேட்பதில் துரைத்தனம் இல்லையா?

ஆனால் விலைகூடிய தேயிலையை வாங்குவதால் பறித்தவளுக்கு ஏதோ செய்துவிட்டோம் என்றும் நான் ஏமாற மாட்டேன். என் ரசனை அவளுடைய சம்பளத்தை ஒரு சதமேனும் உயர்த்தாது. அதைச் சம்பளப் போராட்டமும் காணியுரிமையும்தான் செய்யும். ரசனை செய்யக்கூடியது சிறிய விடயம்: கவனிக்கப் பழக்குகிறது. சாயத்தை மட்டும் பார்த்தவரை எல்லாத் தேயிலையும் எனக்கு ஒன்றே. அதைத் தந்த மலையும் ஒன்றே, கையும் ஒன்றே. ஊவாவையும் திம்புளவையும் பிரித்தறியத் தொடங்கிய பிறகுதான், ஒன்றை ஓகஸ்ற்றிலும் மற்றதை பெப்ரவரியிலும் யாரோ பறித்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெறும் பாடமாக இல்லாமல் போயிற்று. அந்தச் சிறுமியும் அப்படித்தான் நினைவுக்கு வந்தாள், தூளை மணந்து பார்த்த கையோடு.

நாங்கள் புகலிடத்தில் அடையாளம், பண்பாடு என்று நிறைய எழுதுகிறோம். 'சிலோன் ரீ' என்று சொல்லி அயலவரிடம் பெருமைப்படாதவர் எங்களில் குறைவு. அந்தப் பெருமையில் எங்கள் பங்கு என்ன, எங்கள் வீடுகளில் யார் பேணியில் குடித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள். என்னைப் போன்ற நினைவுகள் வேறு வீடுகளிலும் இருக்கும். மலையகத்திலிருந்து வந்து எங்களோடு இந்த நாடுகளில் வாழும் நண்பர்களும் இருக்கிறார்கள். நான் இங்கு எழுதியதில் பிழையிருந்தால் திருத்த உரிமையுள்ளவர்கள் அவர்கள்தான். அவர்கள் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்த சந்திப்புக்கும் தேயிலை கொண்டுவருவேன். திம்புள, ஜனவரிப் பறிப்பு. பாலும் சீனியும் மேசையில் வைக்கப்படும். தடை எதுவும் இல்லை. தோழர் மட்டும் கோப்பையை யன்னல் வெளிச்சத்தில் பிடிக்குமுன் ஒருதரம் மணந்து பார்க்கட்டும்.